நியூயார்க் ஸ்லைஸ் கடை: முதல் முறை போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நியூயார்க் கிளம்புகிறவர்கள் சுதந்திர தேவி சிலைக்கு எப்படிப் போவது என்று யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்கிறார்கள். பீட்சா என்றால் மட்டும் எனக்குத்தான் போன் வருகிறது. போன ஒவ்வொரு முறையும் ஸ்லைஸ் கடை ஸ்லைஸ் கடையாக ஏறி இறங்கியவன் என்பதால் அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே ஒன்றாக எழுதிவைக்கிறேன்.

ஸ்லைஸ் கடை என்றால் என்ன? சாதாரண பீட்சா உணவகத்துக்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

ஒரு கண்ணாடித் தடுப்பு, அதன் பின்னால் நாலைந்து முழு பீட்சா, அதற்கும் பின்னால் எஃகு அடுப்பு. சுவரோரமாக நின்று சாப்பிட ஒரு பலகை. கடை அவ்வளவுதான். மெனு அட்டை கிடையாது, சுவரில் விலைப் பலகைதான். பரிமாற ஆளும் கிடையாது. காசு கொடுத்தால் ஒரு துண்டு காகிதத் தட்டில் வரும். நின்றபடி சாப்பிட்டுவிட்டு, தட்டைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகலாம். ஐந்து நிமிட வேலை.

முழு பீட்சாவை அங்கே ‘பை’ என்பார்கள். சுமார் 18 அங்குல அகலம் இருக்கும், எட்டுத் துண்டாக வெட்டுவார்கள். அந்த எட்டில் ஒன்றுதான் ஸ்லைஸ். நம் ஊரில் டப்பாவில் வரும் பீட்சாத் துண்டை மனத்தில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். இது தட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

ஊருக்குப் பேர் வாங்கிக்கொடுத்த பழைய கடைகள் எல்லாமே ஸ்லைஸ் கடைகள் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1905-ல் தொடங்கியதாகச் சொல்லப்படும் ஸ்ப்ரிங் தெரு லோம்பார்டிஸ், 1929-ல் தொடங்கிய ப்ளீக்கர் தெரு ஜான்ஸ் இரண்டும் நிலக்கரி அடுப்புக் கடைகள், முழு பை மட்டும்தான் தருவார்கள். துண்டு கிடையாது என்று ஜான்ஸ் கடையின் முகப்பிலேயே எழுதிப் போட்டிருக்கிறார்கள். தனியாகப் போய் அங்கே வரிசையில் நின்று ஏமாற வேண்டாம்.

முதல் தடவை எதைக் கேட்பது?

ப்ளெயின். இதில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். மாவு, தக்காளி, சீஸ் தவிர வேறெதுவும் இல்லாத துண்டு. சில கடையில் ‘ரெகுலர்’ என்பார்கள், சில கடையில் ‘சீஸ் ஸ்லைஸ்’ என்பார்கள். எல்லாம் ஒன்றுதான்.

கண்ணாடிக்குப் பின்னால் கோழித் துண்டு போட்டது, மக்ரோனி போட்டது, கீரை போட்டது என்று கலர் கலராக இருக்கும். கண் அங்கேதான் போகும். ஆனால் நல்ல கடையில் மணிக்கணக்கில் தேங்காமல் ஓடுவது ப்ளெயின் மட்டும்தான். ஒரு பை தீருவதற்குள் அடுத்தது அடுப்பிலிருந்து வந்துவிடும். மேலே ஏகப்பட்டது குவித்த பை காலையிலிருந்து அப்படியே உட்கார்ந்திருக்கலாம். இன்னொரு காரணமும் உண்டு. ப்ளெயினில் ஒளித்துவைக்க இடமில்லை. மாவு சரியாகப் புளிக்கவில்லையா, தக்காளியில் சர்க்கரை கூடிப்போனதா, மட்டமான சீஸா, முதல் கடியிலேயே தெரிந்துவிடும். வெறும் இட்லியை வாயில் போட்டுப் பார்த்துக் கடையை எடைபோடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கவுண்ட்டரில் என்ன பேச வேண்டும்? அவர்கள் அவசரப்படுத்துவதாகச் சொல்கிறார்களே?

அவசரம்தான். ஆனால் கோபம் இல்லை. வரிசையில் நிற்கும்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள். உங்கள் முறை வந்ததும் “ஒன் ரெகுலர்” அல்லது “டூ ப்ளெயின்” என்றால் போதும். “ஸ்டே ஆர் கோ?” என்பார்கள். அங்கேயே சாப்பிடுவதானால் “ஸ்டே”, காகிதப் பையில் கட்டிக்கொண்டு போவதானால் “கோ”. காசை உடனே வாங்கும் கடையும் உண்டு, துண்டு அடுப்பிலிருந்து வந்தபின் வாங்கும் கடையும் உண்டு. முன்னால் நிற்பவர் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். ரொக்கம் மட்டும் வாங்கும் கடைகள் இன்னும் இருக்கின்றன. சட்டைப்பையில் ஒரு 20 டாலர் நோட்டு இருக்கட்டும்.

குடும்பத்தோடு போனால் ஒருவர் மட்டும் வரிசையில் நின்று எல்லோருக்கும் சொல்லுங்கள். கவுண்ட்டர் முன்னால் நின்று “உனக்கு என்னம்மா வேணும், உனக்கு என்னப்பா வேணும்” என்று ஆரம்பித்தால் பின்னால் இருபது பேர் காத்திருப்பார்கள்.

ஏற்கெனவே சுட்டுவைத்த துண்டைத் திரும்ப அடுப்பில் வைக்கிறார்களே. அது பழசு இல்லையா?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். இதற்குப் பதில் சொல்வதுதான் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

பழசு இல்லை. அந்த இரண்டாவது சூடுதான் ஸ்லைஸ். முதல் தடவை சுட்டெடுத்த பையில் சீஸிலும் சாஸிலும் நிறைய ஈரம் இருக்கும். அதே நிமிடம் வெட்டினால் சீஸ் வழுக்கி இறங்கும், அடிப்பாகம் மெத்தென்று இருக்கும். கொஞ்ச நேரம் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கையில் நீராவி போய், சீஸ் ஒரு நிலைக்கு வந்து உட்காரும். நீங்கள் கேட்டதும் துண்டை அடுப்பின் கல் தளத்தின் மேல் நேராகத் தள்ளுவார்கள். ஒன்றிரண்டு நிமிடம். அடிப்பக்கம் மொறுமொறுவென்று ஆகும், மேலே சீஸ் திரும்ப உருகும், நடு மாவு மட்டும் மென்மையாகவே இருக்கும். ரொட்டியை இரண்டாம் தடவை சுட்டால் ரஸ்க் ஆகிறதல்லவா, அந்தப் பாதையில் கால்வாசி தூரம் போய் நிறுத்துகிறார்கள்.

இதற்குப் பின்னால் ஒரு அடுப்பின் கதை இருக்கிறது. நிலக்கரி அடுப்பில் சூடு மிக அதிகம், 400 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். பை சில நிமிடங்களில் வெந்துவிடும், ஓரமெல்லாம் கருகிய புள்ளிகளோடு வரும். சுடச்சுட அதற்கு ஈடில்லை. ஆறவிட்டால் தோலாகிவிடும். அதைத் துண்டு போட்டு வைத்து விற்பது சிரமம். 1930-களில் ஃபிராங்க் மாஸ்ட்ரோ என்பவர் பீட்சாவுக்கென்றே எரிவாயு அடுப்பைக் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரா நெவின் என்பவரின் பேக்கர்ஸ் பிரைடு நிறுவனம் அடுக்கு அடுக்கான எரிவாயு அடுப்புகளைச் செய்து விற்றது. இதன் சூடு சுமார் 260 முதல் 300 டிகிரி. பை வேக அதிக நேரம் பிடிக்கும், ஆனால் மாவு நன்றாக உலர்ந்து வேகும். உலர்ந்ததால் ஆறினாலும் தாங்கும், திரும்பச் சுட்டாலும் தாங்கும். சிறிய இடம், குறைந்த முதல், கரி சுமக்க வேண்டாம். தெருவுக்குத் தெரு ஸ்லைஸ் கடை வந்தது இந்த அடுப்பால்தான்.

சீஸும் அதற்கேற்ப மாறியது. பாலாடைபோல் ஈரமாக இருக்கும் புது மொசரெல்லா இதற்கு ஒத்துவராது. ஈரம் குறைந்த மொசரெல்லாவைத்தான் துருவிப் போடுகிறார்கள். அது சீராக உருகும், அங்கங்கே பழுப்பேறும், கொஞ்சம் எண்ணெய் விடும். தக்காளி டப்பாவில் வருவதுதான். பெரும்பாலும் சமைக்காமல் மசித்து உப்புப் போட்டுத் தடவுவார்கள், அடுப்பிலேயே வெந்துகொள்ளும்.

மடித்துத்தான் சாப்பிட வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் மடிக்காவிட்டால் முனை தொங்கி, சீஸ் மொத்தமும் சட்டையில் விழும். ஓரத்தில் கட்டை விரலையும் நடுவிரலையும் இரு பக்கமும் வைத்து, ஆள்காட்டி விரலை நடுவில் அழுத்துங்கள். துண்டு பள்ளமாக வளையும். முனை சட்டென்று விறைத்து நேராக நிற்கும். கணித மேதை காஸ் 1827-ல் வளைபரப்புகளைப் பற்றி நிறுவிய தேற்றம் இதை விளக்கிவிடுகிறது. கிழியாமல், இழுபடாமல் இருக்கிற தட்டையான ஒரு பரப்பு ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் வளைய முடியாது. குறுக்கே வளைத்துவிட்டால் நீளவாக்கில் தொங்காது. தகரக் கூரையை அலை அலையாக மடித்திருப்பதும் இதற்காகத்தான்.

முதல் கடி முனையில். ஆரஞ்சு நிற எண்ணெய் அந்தப் பள்ளத்தின் வழியாக ஓரத்தை நோக்கி ஓடும். அதனால் துண்டைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்துப் பிடியுங்கள், இல்லாவிட்டால் மணிக்கட்டுக்கு வந்துவிடும். கேட்காமலேயே கீழே ஒரு மெழுகுத்தாள் வைத்துத் தருவார்கள். அது எதற்கென்று அப்போது புரியும்.

முள்கரண்டி தப்பா என்றால், 2014-ல் நகர மேயராகப் பொறுப்பேற்ற சில நாள்களிலேயே பில் டி பிளாசியோ ஸ்டேட்டன் தீவில் ஒரு பீட்சாவை முள்கரண்டியால் சாப்பிட்டார். ஊர்ப் பத்திரிகைகள் அதை விடாமல் எழுதின. உங்களை யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். கையால் சாப்பிடப் பழகிய நமக்கு அந்தக் கேள்வியே எழ வேண்டியதில்லை.

எந்தக் கடைகளுக்குப் போவது?

ஒரே ஒரு கடைக்குத்தான் நேரம் என்றால், கிரீனிச் வில்லேஜில் கார்மைன் தெருவில் இருக்கும் ஜோஸ் பீட்சா. நேப்பிள்ஸிலிருந்து வந்த ஜோ பொசுவோலி 1975-ல் தொடங்கிய கடை. இப்போது கிளைகள் நிறைய இருக்கின்றன, ஆனாலும் இங்கே போங்கள். மெல்லிய அடி, அளவான சாஸ், நள்ளிரவு தாண்டியும் கூட்டம். ஒரு முறை இரவு பதினொன்றரைக்கு அங்கே நின்றேன். என் இடப்பக்கம் கோட்டு சூட்டில் ஒருவர், வலப்பக்கம் தலைக்கவசம் கழற்றாத கட்டட வேலைக்காரர். மூன்று பேர் கையிலும் ஒரே துண்டு, ஒரே விலை. அந்த ஊரில் அப்படி ஒரு காட்சி அடிக்கடி கிடைப்பதில்லை.

நேரம் இருந்தால் புரூக்ளினில் அவென்யூ ஜே. கியூ ரயிலில் அதே பெயர் நிறுத்தத்தில் இறங்கினால் டி ஃபாரா. இத்தாலியிலிருந்து வந்த டொமினிக் டிமார்கோ 1965-ல் திறந்தார். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய ஒவ்வொரு பையையும் தன் கையாலேயே செய்தார். சுட்டு வந்த பைக்கு மேல் ஆலிவ் எண்ணெய் ஊற்றுவார், கட்டிச் சீஸைத் துருவிப் போடுவார், துளசி இனத்துப் பேசில் இலையைக் கத்தரிக்கோலால் நறுக்கித் தூவுவார். அதைப் பார்க்கவே ஆட்கள் ஒரு மணி நேரம் நிற்பார்கள். 2022-ல் காலமானார். பிள்ளைகள் நடத்துகிறார்கள். இது ஜோஸ் மாதிரி ஐந்து நிமிடக் கடை இல்லை. துண்டும் கனம், விலையும் கூட. ஆனாலும் கடை பார்க்க அதே எளிமைதான்.

ஹார்லெமின் கிழக்கே முதல் அவென்யூவில் 1933 முதல் இருக்கும் பாட்ஸிஸ் ஒரு விதிவிலக்கு. நிலக்கரி அடுப்புப் பீட்சா, அதுவும் துண்டாக. காகிதம் போல மெல்லியது. நான் மேலே சொன்ன அடுப்பு வித்தியாசத்தை நாக்கில் தெரிந்துகொள்ள வேண்டுமானால், ஒரே நாளில் ஜோஸிலும் இங்கேயும் சாப்பிட்டுப் பாருங்கள். இங்கே ஆறவிடாமல், வாங்கிய இடத்திலேயே.

புதுக் கடைகளில் லோயர் ஈஸ்ட் சைடில் ஆர்ச்சர்ட் தெருவில் இருக்கும் ஸ்காரஸ். 2016-ல் வந்தது. மாவைத் தாங்களே அரைத்துக்கொள்கிறார்கள், பார்க்க 1970-களின் கடை மாதிரி இருக்கும். ஜேஎஃப்கே விமான நிலையத்திலிருந்து கிளம்பும் நாளில் வண்டி இருந்தால் குவீன்ஸில் ஹவர்ட் பீச் பக்கம் நியூ பார்க் பீட்சா.

சதுரமாக ஒன்று இருக்கிறதே, அது என்ன?

தடியாக இருந்தால் சிசிலியன். மெல்லியதாக, சதுரத் தட்டில் எண்ணெய் தடவிச் சுட்டதாக இருந்தால் ‘கிராண்ட்மா’, அதாவது பாட்டி வீட்டுப் பீட்சா. சிசிலியனுக்கென்றே போக வேண்டுமானால் புரூக்ளினில் 86-ஆம் தெருவில் 1939 முதல் இருக்கும் எல் அண்ட் பி ஸ்புமோனி கார்டன்ஸ். அங்கே சீஸ் கீழே, சாஸ் மேலே. மாவுக்கும் சாஸுக்கும் நடுவில் சீஸ் தடுப்பாக இருப்பதால் மேல்பக்க மாவு ஊறாமல், கொஞ்சம் களி போல இழுபடும். சிலருக்கு அந்தப் பதம் பிடிக்காது. எனக்கு அது உயிர்.

நான் சைவம். ப்ளெயின் ஸ்லைஸ் சாப்பிடலாமா?

இறைச்சி இல்லை. ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

ஒன்று, சீஸ் செய்யப் பாலைத் திரிய வைக்கும் ரென்னெட். அமெரிக்காவில் செய்யும் மொசரெல்லாவில் பெரும்பாலும் விலங்கிலிருந்து எடுக்காத ரென்னெட்தான். ஆனால் மேலே தூவும் கட்டிச் சீஸ்களில், பெக்கரினோ ரோமானோவில் ஆட்டுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்தது, அசல் பார்மிஜானோவில் கன்றுக்குட்டியினுடையது. இதில் கண்டிப்பாக இருப்பவர்கள் கேட்டுக்கொள்வது நல்லது. கவுண்ட்டரில் இருப்பவருக்குத் தெரியாமலும் இருக்கலாம்.

இரண்டு, வெட்டும் சக்கரம். பெப்பரோனி என்பது பெரும்பாலும் பன்றியும் மாடும் கலந்த இறைச்சி. அதை வெட்டிய அதே சக்கரத்தால்தான் உங்கள் பையையும் வெட்டியிருப்பார்கள், அதே கல்லில்தான் சூடாக்குவார்கள். என் அத்தை நியூயார்க் வந்தபோது இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு “எனக்கு வேண்டாம்டா, நீ சாப்பிடு, நான் பார்க்கிறேன்” என்றார். நான் வற்புறுத்தவில்லை. கார்மைன் தெருவிலிருந்து சில நிமிட நடையில் வாஷிங்டன் சதுக்கப் பூங்கா. அதன் தெற்கு ஓரத்தில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் பல ஆண்டுகளாகத் தள்ளுவண்டியில் தோசை சுடுகிறார். பால், நெய்கூட இல்லாத முழுச் சைவம். அத்தைக்கு மதியச் சாப்பாடு அங்கே முடிந்தது. கார்மைன் தெருவில் ஸ்லைஸ் சாப்பிடப் போகிறவர்கள், சீஸே ஆகாது என்கிறவர்களை அந்த வண்டிக்கு அழைத்துப் போங்கள்.

எவ்வளவு ஆகும்? டிப்ஸ் தர வேண்டுமா?

சாதாரணக் கடையில் ப்ளெயின் மூன்று டாலரிலிருந்து நான்கு டாலருக்குச் சற்று மேல்வரை. பேர் பெற்ற கடைகளில் இன்னும் கூடும். பல கடைகளில் வரி விலையிலேயே சேர்ந்திருக்கும். நின்று சாப்பிடும் கடையில் டிப்ஸ் கட்டாயம் இல்லை, ஜாடி வைத்திருந்தால் சில்லறையைப் போடலாம்.

ஸ்லைஸ் விலையும் சுரங்க ரயில் கட்டணமும் ஒன்றையொன்று ஒட்டியே ஏறுகின்றன என்று எரிக் பிராம் என்பவர் 1980-ல் நியூயார்க் டைம்ஸில் எழுதினார். அதற்கு ‘பீட்சா விதி’ என்று பெயரே வந்துவிட்டது. அரசாங்கம் நிர்ணயிக்கும் விலையையும் தெருக்கடை விலையையும் ஒரே மூச்சில் பேசும்படி ஆகியிருக்கிறதென்றால், இந்தத் துண்டு அந்த ஊருக்கு என்ன என்று புரிந்துகொள்ளலாம். டாலர் ஸ்லைஸ் என்று 99 சென்ட்டுக்கு விற்ற காலம் ஒன்று இருந்தது. கொரோனாவுக்குப் பின் அவற்றில் பல ஒன்றரை டாலர் ஆகிவிட்டன. பசிக்கு அது போதும். ஆனால் அதை வைத்து நியூயார்க் ஸ்லைஸை எடைபோடாதீர்கள்.

நல்ல கடையை வெளியிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது?

கண்ணாடிக்குப் பின்னால் பாருங்கள். ப்ளெயின் பையில் இரண்டு மூன்று துண்டு குறைந்திருக்க வேண்டும். முழுசாகவும் ஆறியும் இருந்தால் கூட்டம் இல்லை என்று பொருள். சீஸ் வெள்ளைப் போர்வை மாதிரி மூடியிருக்கக் கூடாது, இடையிடையே சிவப்பு தெரிய வேண்டும். வாங்கியபின் துண்டைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். வெளிர் நிறமாக இருந்தால் வேகவில்லை. பழுப்பு, நடுவே கறுப்புப் புள்ளிகள், அங்கங்கே ஒட்டிய மாவுத்தூள், அதுதான் சரி.

விலைப் பலகை இல்லாத கடைக்குள் நுழையாதீர்கள். சுற்றுலாக் கூட்டம் மொய்க்கும் இடம் ஒன்றில், மழைக்கு ஒதுங்கி அப்படி ஒரு கடைக்குள் போனேன். அடுப்பில் கால் நிமிடம்கூட வைக்காமல், நடு சில்லிட்ட துண்டைத் தந்து எட்டு டாலர் வாங்கினார்கள். என்னோடு வந்த தம்பிக்கு அதுதான் முதல் நியூயார்க் ஸ்லைஸ். எட்டு டாலரைவிட அதுதான் எனக்கு வலித்தது. மறுநாள் காலையில் முதல் வேலையாக அவனைக் கார்மைன் தெருவுக்குக் கூட்டிப் போனேன்.

‘ரேஸ்’ என்று பல கடைகள் இருக்கின்றனவே, எது அசல்?

1959-ல் ரால்ஃப் குவோமோ பிரின்ஸ் தெருவில் திறந்ததுதான் முதல் ரேஸ். அது 2011-ல் மூடப்பட்டது. ‘ஒரிஜினல்’, ‘ஃபேமஸ்’ என்று முன்னால் சேர்த்துக்கொண்ட மற்றவற்றுக்கு அந்தப் பெயரைத் தவிரப் பெரும்பாலும் தொடர்பில்லை. பெயரைப் பார்க்காமல் பையைப் பாருங்கள்.

நியூயார்க் தண்ணீர்தான் ரகசியமாமே?

கேட்ஸ்கில் மலைப்பக்கத்திலிருந்து வரும் தண்ணீர் மென்மையானது, உண்மைதான். ஆனால் மாவில் புரதம் கூடுதலாக இருப்பதும், பிசைந்த மாவைக் குளிரில் ஒன்றிரண்டு நாள் வைத்துப் புளிக்க விடுவதும், அந்தக் கல் தளமும் செய்கிற வேலை அதைவிடப் பெரிது.

மேசையில் இருக்கும் டப்பாக்கள்?

மிளகாய்ச் செதில், ஓரிகானோ, பூண்டுப் பொடி, சீஸ் பொடி. எல்லாம் இலவசம். முதல் பாதியை எதுவும் போடாமல் சாப்பிடுங்கள். மிளகாய் நம் நாக்குக்கு ஒன்றுமே இல்லை, பயப்பட வேண்டாம்.

உட்கார இடம், கழிப்பறை, குழந்தைகள்?

முதலிரண்டும் பெரும்பாலும் இருக்காது. குழந்தைகள் இருந்தால் காகிதப் பையில் கட்டி வாங்கி அருகிலுள்ள பூங்காவுக்குப் போங்கள். கார்மைன் தெரு ஜோஸுக்குப் பக்கத்திலேயே சின்னப் பூங்கா ஒன்று இருக்கிறது, பெஞ்சுகள் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட ஆரம்பித்துவிடுங்கள். காகிதப் பைக்குள் நீராவி அடைபட்டு அடிப்பக்கம் நமத்துவிடும். பையின் வாயைத் திறந்தே பிடித்துக்கொண்டு நடங்கள்.

ஒரு நாளில் எத்தனை கடை போகலாம்?

மூன்று. ஒரு கடைக்கு ஒரு ப்ளெயின், நடுவில் இரண்டு மணி நேர நடை. நான்காவது கடையில் நாக்கு வித்தியாசம் சொல்வதை நிறுத்திவிடுகிறது. இருவராகப் போனால் ப்ளெயின் ஒன்று, அந்தக் கடை பேர் வாங்கிய வேறொன்று என்று வாங்கிப் பகிர்ந்துகொள்ளலாம். கேட்டால் துண்டை இரண்டாக வெட்டியும் தருவார்கள். ஓரத்தை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். கடைசியில் கையில் மிஞ்சும் அந்த மொறுமொறுத்த ரொட்டித் துண்டை, தட்டில் வழிந்திருக்கும் சாஸில் ஒரு முறை துடைத்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே வாருங்கள்.